எங்கிருந்தாலும் பஸ்ஸுக்கு வரவும்

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கலாம் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். சூரியன் அந்த நோட்டீஸைப் படிக்கவில்லை போலும். பஸ் மானூர் தாண்டுவதற்குள் உதித்துவிட்டது.

சேதுபதி டூர்ஸின் வழிகாட்டி இருளப்பசாமி இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. பேட்டரி மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் எழுந்து நின்றார்.

"அன்பர்கள் எல்லாரும் இடது கைப் பக்கம் பாருங்க. சூரிய உதயம். கன்னியாகுமரியில தெரியுறதும் இதே சூரியன்தான். அஸ்தமனத்தைக் கடல்லயே காட்டிருதோம்."

நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் இடது பக்கம் திரும்பினார்கள். வானம் பார்த்த நிலம், நாலு உடைமரம், அதற்கு மேல் சூரியன். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வைகுண்டராஜ் மட்டும் முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அதுதான் அவனுக்கு வசதியாக இருந்தது.

வயது இருபத்தெட்டு. பி.எஸ்ஸி. வேதியியல். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் நூலின் முறுக்கை அளந்து எழுதுகிற வேலை. பத்து மாதத்துக்கு முன் அவன் மனைவி செல்லக்கனி மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருஷம். அதற்குப் பிறகு அவன் வாயில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். சாப்பிடு என்றால் சரி. சவரம் செய்துகொள் என்றால் சரி. "மாப்ள, எல்லாருமா ஒரு நாள் கடலைப் பார்த்துட்டு வருவோம், மனசு மாறும்" என்று மாமனார் சுயம்புலிங்கம் சொன்னபோதும் சரி. யாருடைய மனசு, எதிலிருந்து எதற்கு மாறும் என்று அவன் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.

சுயம்புலிங்கத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பலசரக்குக் கடை. ஜோடி ஜோடியாக டிக்கெட் எடுத்தால் சலுகை என்று நோட்டீஸில் இருந்தது. சலுகை என்ற சொல்லைக் கண்டால் அவரால் கடந்து போக முடியாது. தானும் மனைவி பிச்சையம்மாளும் ஒரு ஜோடி என்று எடுத்தார். மருமகனையும், தன் இளைய மகள் சீனியம்மாளையும் இன்னொரு ஜோடி என்று எடுத்தார். இருளப்பசாமியின் லிஸ்டில் 'வைகுண்டராஜ், ஜோடி' என்று பதிவாகியிருந்தது. அப்படிப் பதிவானது வைகுண்டராஜுக்குத் தெரியாது. வேறு யாருக்குத் தெரியும் என்பது போகப் போகத் தெரிந்தது.

முதல் காட்சி சுசீந்திரம் கோயில். எல்லோரும் இறங்கினார்கள். அப்போதுதான் பிச்சையம்மாளுக்கு ஒரு விஷயம் திடீரென்று ஞாபகம் வந்ததைப் போல முகம் மாறியது.

"மருமகன் உள்ள வரப்படாதுல்லா!"

சாவு விழுந்த துட்டி வீட்டுக்காரன் வருஷம் திரும்பும் வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. செத்தவளைப் பெற்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கட்டிக்கொடுத்த பெண் வேறு வீட்டுப் பெண், அவர்களுக்குப் பதினாறாம் நாளோடு துட்டி முடிந்தது. தாலி கட்டியவனுக்கு மட்டும் முழு வருஷம். அப்படிப்பட்டவனைக் கோயில் கோயிலாகக் காட்டுகிற சுற்றுலாவுக்குத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்களே என்று வைகுண்டராஜுக்கு லேசாக வியப்பு வந்தது. பத்து மாதத்தில் அவனுக்கு வந்த முதல் வியப்பு.

"ஏட்டி சீனி, நீ அத்தானுக்குத் துணைக்கு இரி," என்றாள் பிச்சையம்மாள். "அப்பிடியே செருப்பையும் பாத்துக்கிடுங்க."

"நானும் சாமி கும்புடணும்மா."

"உனக்கும் சேத்து நான் கும்புட்டுக்கிடுதேன்."

இதைப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார். "தம்பி, இதையும் செத்த பாத்துக்கிடுங்க" என்று தன் செருப்பைக் கழற்றி வைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஐந்தே நிமிஷத்தில் மொத்த பஸ்ஸின் செருப்பும் வைகுண்டராஜின் காலடியில் வந்து குவிந்தது. பட்டப்படிப்பு வீண் போகவில்லை.

சீனியம்மாளுக்குப் பத்தொன்பது வயது. செல்லக்கனியின் மூக்கு அவளுக்கு அப்படியே இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவன் செருப்புகளைப் பார்த்தான்.

"அத்தான், ஒங்களுக்கு வெவரம் தெரியுமா, தெரியாதா?"

"எது?"

"நம்மள எதுக்கு வெளிய ஒக்கார வச்சிருக்காகன்னு."

"செருப்புக்கு."

"செருப்புக்கு ஒரு ஆளு போதாதா?"

அவன் யோசித்துப் பார்த்தான். போதும்தான்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒங்க வாயிலருந்து அப்பாவுக்கு ஒரு வார்த்தை வேணும்," என்றாள் சீனியம்மாள். குரலைத் தணிக்கவில்லை. "அக்கா எடத்துக்கு நான் வரணுமாம். வருசம் திரும்புறதுக்குள்ள முடிக்கணுமாம். திரும்பிருச்சுன்னா பொறவு மூணு வருசத்துக்குக் கட்டக் கூடாதாம். எனக்குப் பாளையங்கோட்டையில டீச்சர் ட்ரெய்னிங்குக்கு எடம் கெடைச்சிருக்கு. வார புதன்கிழமை சேரணும். 'மாப்ள வேண்டாம்னா நீ படிக்கப் போ, சரின்னுட்டாகன்னா அம்புட்டுத்தான்'னு அப்பா சொல்லிட்டாக."

"நீயே வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். ரேடியோ சத்தத்தைக் கூட்டி வச்சுட்டாக."

ஒரு வெள்ளைக்காரத் தம்பதி செருப்புக் குவியலை நின்று போட்டோ எடுத்தது. வழிகாட்டி வைத்துக்கொள்ளாமல் வந்தவர்கள் போல. பார்க்க வேண்டியதைச் சரியாகப் பார்த்தார்கள்.

"ஒங்களுக்கு என்னையக் கட்டிக்கிட ஆசையா அத்தான்?"

"இல்ல."

"அப்ப அப்பாட்ட வேண்டாம்னு சொல்லிருவீகளா?"

"சரி."

"இந்தச் சரியைக் கேட்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு. அப்பா கேட்டாலும் இதைத்தான சொல்லுவீக."

அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று அவனுக்கும் பட்டது.

கன்னியாகுமரியில் இறங்கியதும் இருளப்பசாமிக்குப் புது உற்சாகம் வந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று மைக்கில் முழங்கினார்.

"இந்தப் பக்கம் வங்காள விரிகுடா, அந்தப் பக்கம் அரபிக்கடல், நடுவுல இந்து மகா சமுத்திரம். மூணும் சங்கமம் ஆகுது. எது எங்க முடியுதுன்னு யாரும் கேக்கப்படாது. ஏழு கலர் மண்ணு பாக்கெட் வாங்குறவங்க பச்சைக் குடை கட்டுன கடையில மட்டும் வாங்கவும். மத்த கடையில கலரு போலி."

பச்சைக் குடைக்கடையில் இருந்தவர் இருளப்பசாமிக்கு ஒரு வணக்கம் போட்டார். நீண்டகாலப் பழக்கம் தெரிந்தது அதில்.

அடுத்து அம்மன் கோயில். சுசீந்திரத்தைப் போலவே இங்கும் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அங்கே தோளில் போட்டுக்கொண்டு போனவர்களுக்கு இங்கே ஆள் இருப்பது தெரிந்துவிட்டது; இம்முறை செருப்புகளோடு பதினெட்டுச் சட்டைகளும் வைகுண்டராஜிடம் வந்து சேர்ந்தன. முக்கடலின் காற்றும் ஒன்றாய் அடித்ததில் சட்டைகள் பறக்கப் பார்த்தன. ஒரு கை சட்டை மீதும் ஒரு கால் செருப்பு மீதுமாக அவன் உட்கார்ந்திருந்தான். கடல் அவனுக்குப் பின்னால் எங்கோ இரைந்துகொண்டிருந்தது.

இருளப்பசாமி லிஸ்டும் கையுமாக வந்தார்.

"மிஸ்டர் வைகுண்டராஜ், மிஸஸ் வைகுண்டராஜ்! சாமி கும்புடக் கூடப் போகாம அப்பிடி என்ன பேச்சு? புதுசோ?"

"நான் மிஸஸ் இல்ல," என்றாள் சீனியம்மாள்.

"லிஸ்ட்ல ஜோடின்னு போட்டிருக்கு தாயி."

"லிஸ்ட் தப்பு."

"லிஸ்ட் எப்பிடித் தப்பாகும்? நாந்தான எழுதுனேன்." இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்பது போல அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.

சீனியம்மாள் வைகுண்டராஜைப் பார்த்தாள். "நீங்களாவது இல்லைன்னு சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கேக்குற ஆளா அவரு?"

"எங்கப்பா மட்டும் கேக்குற ஆளா? அங்கயாவது சொல்லுங்க."

மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். சுயம்புலிங்கம் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் தாயும் மகளும். இரண்டு வாய் உள்ளே போனதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. நம்ம சீனியைப் பத்தி என்ன நெனைக்கீக? வீட்டுல ஒரு வெளக்கேத்த ஆளு வேணும்ல?"

எதிரே சீனியம்மாளின் கை இலையிலேயே நின்றது. வைகுண்டராஜ் பத்து மாதமாகப் புழங்காத சொல் ஒன்றைத் தேடி எடுத்தான்.

"வேண்டாம் மாமா."

"ஏய், இங்க மாப்ளைக்குச் சாம்பார் ஊத்து!" என்றார் சுயம்புலிங்கம் பரிமாறுகிறவனிடம்.

"சாம்பாரைச் சொல்லல மாமா. கல்யாணத்தைச் சொன்னேன்."

"தெரியுது மாப்ள. மொத வேண்டாம் மரியாதைக்கு. நானே இவளை மூணு வாட்டி வேண்டாம்னுட்டுத்தான் கட்டுனேன்."

"நாலு வாட்டி," என்றாள் பிச்சையம்மாள்.

வைகுண்டராஜுக்கு அப்போதுதான் தான் எங்கே பிறந்து வளர்ந்தவன் என்பது உறைத்தது. இலையை இரண்டு கையாலும் மறைத்தாலும் விரல் இடுக்கில் ரசத்தை ஊற்றுகிற ஊர்க்காரர்கள் அவர்கள். அங்கே வேண்டாம் என்ற சொல்லை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டவன் இதுவரை யாருமில்லை. எடுத்துக்கொண்டால் கேவலம். உபசரிக்கத் தெரியாதவன் என்று பெயராகிவிடும்.

"நெசமாவே வேண்டாம் மாமா."

"பாத்தியா, நெசமாவேங்காக! கூச்சம்."

"எங்க ரெண்டு பேருக்கும் இதுல இஷ்டமில்ல."

"ரெண்டு பேருக்கும்னு ஜோடியாச் சொல்ல வந்துருச்சு பாரு," என்றார் சுயம்புலிங்கம் மனைவியிடம், மிகுந்த நிறைவோடு. "மூணு வேண்டாமும் ஆச்சு. அம்புட்டுத்தான். அடுத்த மாசம் முத முகூர்த்தத்துல வச்சிருவோம். ட்ரெய்னிங்குக்கு ஒரு கார்டு போட்டுருதேன், வரலைன்னு."

சாம்பார் வந்தது. ஊற்றினார்கள். வைகுண்டராஜ் அதைச் சாப்பிட்டான். சாப்பிட்டதையும் சம்மதக் கணக்கில் எழுதியிருப்பார்கள். சீனியம்மாள் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போனாள்.

பிற்பகல் முழுவதும் சுதந்திரம். மணி ஐந்தரைக்கு மேற்குக் கரையில் எல்லோரும் கூட வேண்டும், அஸ்தமனம் காட்டப்படும் என்று இருளப்பசாமி அறிவித்தார். ஆட்கள் சங்கு வாங்கினார்கள், பாசிமாலை வாங்கினார்கள், நுங்கு தின்றார்கள். படகுக்கு வரிசையில் நின்றார்கள். வைகுண்டராஜ் ஒரு கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்த்தான். வந்து போகிற அலையைப் பார்த்தால் மனசு மாறும் என்று அலுவலகத்தில் மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். அலை வந்தது. போனது. அடுத்தது வந்தது. மில்லில் ஓடுகிற மெஷினுக்கும் இதற்கும் அவனுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மெஷினாவது ஷிஃப்ட் முடிந்தால் நிற்கும்.

ஐந்தரைக்கு இருளப்பசாமி தலை எண்ணினார். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினார். நாற்பத்தொன்று.

"சீனி எங்க?" என்றாள் பிச்சையம்மாள்.

யாருக்கும் தெரியவில்லை. படகு வரிசையில் பார்த்தேன் என்றது ஒரு குரல். பாறைப் பக்கம் தனியாக நடந்து போனதைப் பார்த்தேன் என்றது இன்னொரு குரல். பிச்சையம்மாள் பாறையைப் பார்த்தாள். அதற்கு அப்பால் இருந்ததைப் பார்த்தாள்.

"கடலு கெடக்கே! எய்யா, கடலுல்லா கெடக்கு!"

பச்சைக் குடைக்கடையில் வாங்கிய ஏழு கலர் மண் பாக்கெட்டைச் சுயம்புலிங்கம் நெஞ்சோடு பிடித்திருந்தார். வைகுண்டராஜ் எழுந்து நின்றான். பத்து மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது எழுந்து நின்றதும் இப்படித்தான். அதற்குப் பிறகு எதற்கும் அவன் அப்படி எழுந்ததில்லை.

இருளப்பசாமி மைக்கை உயர்த்தினார். இந்த மாதிரிச் சமயங்களுக்கென்று அவரிடம் தனியாக ஒரு தமிழ் இருந்தது.

"திருமதி வைகுண்டராஜ் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக பஸ்ஸுக்கு வரவும். தங்கள் கணவர் கண் கலங்கிக் காத்துக்கொண்டிருக்கிறார். திருமதி வைகுண்டராஜ் அவர்கள் எங்கிருந்தாலும்..."

கரை முழுவதும் எதிரொலித்தது. யாரும் வரவில்லை. எப்படி வருவாள்? அந்தப் பெயருக்கு உரியவள் வர முடியாது. உரியவள் அல்லாதவள் வர மாட்டாள்.

மூன்றாம் முறை அவர் வாயைத் திறந்தபோது வைகுண்டராஜ் போய் மைக்கைப் பிடுங்கினான்.

"சார், அது கம்பெனி மைக்!"

"ஏட்டி சீனி," என்றான் வைகுண்டராஜ். அவன் குரல் அவனுக்கே பெரிதாய்க் கேட்டது. "நான் ஒங்க அண்ணன் பேசுதேன். நீ என் தங்கச்சி. கேக்குதா? நீ எனக்குத் தங்கச்சி. புதன்கிழமை ட்ரெய்னிங்குக்குப் போற. பஸ்ஸுக்கு வா தாயி."

பிச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். வேண்டாம் என்றால் மேலே ஒரு கரண்டி ஊற்றலாம். தங்கச்சி என்றால் ஊற்ற இலையே கிடையாது. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் வாய் தவறி ஒரு முறை அப்படிச் சொன்னதற்காகவே நிச்சயம் செய்த கல்யாணங்கள் நின்றுபோயிருக்கின்றன. இவன் வாய் தவறிக் கூடச் சொல்லவில்லை. மைக்கில் சொன்னான். இரண்டு முறை சொன்னான்.

கொஞ்ச தூரத்தில் திருநெல்வேலி போர்டு மாட்டிய அரசு பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அதன் பின்படியிலிருந்து சீனியம்மாள் இறங்கினாள். நேராக நடந்து வந்தாள். எல்லோருக்கும் கேட்கிற தூரம் வந்ததும் நின்றாள்.

"வந்துட்டேன் அண்ணே," என்றாள்.

பிச்சையம்மாள் ஓடிப்போய் மகளை அணைத்து, அதே கையால் முதுகில் இரண்டு அடியும் வைத்தாள். நாற்பது பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது கடலுக்கு மேல் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது.

"அஸ்தமனம் எங்கய்யா?"

"காட்டியாச்சு," என்றார் இருளப்பசாமி, மைக்கைக் கைக்குட்டையால் துடைத்தபடி. "நீங்க வேற பக்கம் பாத்தா கம்பெனி பொறுப்பில்ல."

திரும்பும்போது பஸ்ஸில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. சீனியம்மாள் அம்மா பக்கத்தில் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"என்ன மாப்ள இப்பிடிப் பண்ணிட்டீக," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுயம்புலிங்கம். "எங்க தெருக்காரனே நாலு பேரு பஸ்ல இருக்கான். நாளைக்குக் கடைக்கு வர்றவன்லாம் துவரம்பருப்பைக் கேப்பானா, இதைக் கேப்பானா?"

முன் சீட்டிலிருந்து பிச்சையம்மாள் திரும்பினாள். அவள் கண் சிவந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். சீனி ஒங்களுக்குத் தங்கச்சின்னா, செத்துப்போனாளே என் மூத்த மக, அவ ஒங்களுக்கு என்ன முறை? அதையும் மைக்ல சொல்லியிருக்கலாம்ல?"

காலையிலிருந்து அவன் எல்லாவற்றுக்கும் மனசுக்குள் ஒரு குத்தல் வைத்திருந்தான். இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாங்குநேரி வந்தது, போனது. பிச்சையம்மாள் திரும்பியபடியே இருந்தாள். பதில் வாங்காமல் முன்னால் பார்க்க மாட்டாள் என்று தெரிந்தது.

"செல்லக்கனி எம் பொண்டாட்டி, அத்தை," என்றான். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பத்து மாதமாயிற்று. "அவளுக்கு இவ தங்கச்சி. எனக்கும் அதேதான். வேற மாதிரி என்னால பாக்க முடியல. அவ மூக்கு இவளுக்கு இருக்கு."

பிச்சையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் திரும்பினாள். அவள் தோள் குலுங்குவது சீட்டுக்கு மேலே தெரிந்தது. வைகுண்டராஜ் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு வந்தான். பார்வையை வேறு எதற்கும் திருப்பவில்லை. கன்னம் நனைந்தபோது ஜன்னல் காற்று என்று சொல்லிக்கொள்ளலாமா என்று நினைத்தான். ஜன்னல் மூடியிருந்தது.

சுயம்புலிங்கம் வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.

"புதன்கிழமை கார்டியன் கையெழுத்துக் கேப்பாக. எனக்குக் கடை இருக்கு. அண்ணங்காரன்தான் கூட்டிட்டுப் போகணும்."

"எத்தனை மணிக்கு வரணும் மாமா?"

"மாமாவா? தங்கச்சியைப் பெத்தவன் ஒமக்கு மாமாவா வேய்? மொதல்ல அதைத் தீத்துக்கிட்டு மணியைக் கேளும்."

மாப்ள போய், தெருவில் போகிறவனைக் கூப்பிடுகிற வேய் வந்திருந்தது. இவரை அப்பா என்று கூப்பிட வைகுண்டராஜுக்கு வாய் வரவில்லை. மாமாவும் இனிச் செல்லாது என்கிறார். சித்தப்பா, பெரியப்பா எதுவும் ஒட்டவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். சுயம்புலிங்கம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி ஓரக்கண்ணால் அவன் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய சுற்றுலாவில் அவருக்குப் பிடித்த காட்சி அதுதான் என்று தோன்றியது.

பாளையங்கோட்டை விளக்குகள் தெரிந்தபோது, "புதன்கிழமை காலையில அஞ்சரைக்கே வீட்டு வாசல்ல நிப்பேன்" என்றான் வைகுண்டராஜ், யாரையும் எதுவும் கூப்பிடாமல்.